மனிதன், வலு, வண்டி

முதலில் சத்தம்தான் வந்தது. கீச்சென்று ஒரு இழுப்பு, அதன் வால்போல ஒரு டக், பிறகு நாலடி தூரத்துக்கு ஒன்றுமில்லை, மறுபடி கீச், டக். தேசிங்குவின் முகம் முழுக்கச் சோப்பு நுரை. ஆஸ்பத்திரி வார்டுக்குப் பின்புறக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தண்ணீர் மக்கைத் தேடி ஒரு கையால் தரையைத் தடவிக்கொண்டிருந்தான். தடவிய கை அப்படியே நின்றது. சக்கரம். சின்னச் சக்கரம், முன்பக்கம் இருப்பது, அதன் ரப்பரில் ஓரிடத்தில் கடி விழுந்திருக்கிறது, அந்தக் கடி தரையைத் தொடும்போதுதான் டக். பார்க்காமலே இவ்வளவும் தெரிந்தது. சக்கரச் சத்தத்துக்குள் வளர்ந்தவன். யானைகவுனிப் பக்கத்துக் குடிசையில் படுத்தபடியே, தெருமுனையில் திரும்புகிற கைரிக்‌ஷா நைனாவுடையதா வேறு ஆளுடையதா என்று சொல்லிவிடுவான், அம்மா அவன் பேச்சை நம்பித்தான் குழம்பைச் சூடு பண்ணுவாள். அது ஆள் இடுப்புயரச் சக்கரம், ரோட்டில் உருளும்போது ஒரு கனமான முனகல் இருக்கும். இது ஆஸ்பத்திரியின் சக்கர நாற்காலி. வார்டு நடையில் வந்துகொண்டிருக்கிறது. நைனாவுக்காக வருகிறது. சோப்பு கண்ணோரத்தில் இறங்கி எரிந்தது. எரியட்டும் என்று இருந்தான். கண்ணைத் திறந்தால் ஒன்பது மணி ஆகிவிடும், அவரை அந்த நாற்காலியில் ஏற்ற வேண்டும், சரிவுப் பாதையில் இறக்கிக் கீழே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார்கள்.

எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாகிவிட்டது. திங்கட்கிழமையே தியேட்டர் போட்டிருந்தார்கள். அன்றைக்குத் தேசிங்கு ராத்திரி வேலை முடிந்து வீட்டில் அடித்துப்போட்டாற்போலத் தூங்கிக்கொண்டிருந்தான், இங்கே கஸ்தூரிதான் மாமனாரோடு இருந்தாள். நைனா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றுவிட்டாராம். ஆயாம்மாவும் கஸ்தூரியும் சேர்ந்து இழுத்தும் கை விடவில்லையாம். "காலை விட மனசு வரலை போல, பாவம்," என்றாள் கஸ்தூரி. வேறு என்னவாக இருக்கும். ஆனால் டாக்டரம்மா கோபப்படவும் இல்லை, அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. "சர்க்கரைப் புண்ணுங்க, அழுகல் மேலே ஏறுது. வியாழக்கிழமை மறுபடி போடறேன். அன்னிக்கும் வரலைன்னா முட்டி என் கையில இல்லை. அதுக்கப்புறம் ஆளே என் கையில இல்லை." இன்றைக்கு வியாழக்கிழமை. மக் கையில் தட்டுப்பட்டது. முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தான். எதிரே வாளி, வாளிக்குள் விடியற்காலையில் நைனா நனைத்துவிட்ட வேட்டி, அரைகுறையாகச் சோப்பு போட்டு ஊறிக்கொண்டிருந்தது. வெயில் சுவரில் பாதி வரைக்கும் இறங்கியிருந்தது. அப்படியே விட்டுவிட்டு, துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டு உள்ளே போனான்.

ஆயாம்மா மீனம்மா நாற்காலியைப் பதினோராம் கட்டிலருகே நிறுத்தியிருந்தாள். அவள் ஐம்பதைத் தாண்டியவள், நீலப் புடவை, வாயில் எந்நேரமும் ஒரு பாக்குத் துண்டு. "இந்த ஐயாவை எக்ஸ்ரேயில வுட்டுட்டு வந்து உங்க அப்பாவைக் கூட்டிக்கினு போறேண்ணே. இருவது நிமிசம். அதுக்குள்ள நல்ல வார்த்தை சொல்லி வை. அன்னிக்கு மாதிரி என் கையைப் புடிச்சுத் திருவுனாருன்னா நான் அப்படியே வுட்டுட்டுப் பூடுவேன், சொல்லிட்டேன்." கீச், டக் என்று அது நடையின் மறுகோடிக்குப் போய்த் தேய்ந்தது. இருபது நிமிஷம். பதினாலாம் கட்டிலில் நைனா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தணிகாசலம், வயது எழுபத்தெட்டு என்று கட்டில் தலைமாட்டில் எழுதித் தொங்கியது. தேசிங்கு ஸ்டூலில் உட்கார்ந்து அந்த அட்டையைப் படித்தான், மருந்துப் பேர்களைப் படித்தான், மின்விசிறியின் அடியில் இருந்த கம்பெனிப் பேரைப் படித்தான், எதிர்க் கட்டில்காரரின் பிஸ்கட் பொட்டலத்தில் இருந்த பொடி எழுத்தைப் படித்தான். போர்வைக்கு வெளியே நீண்டிருந்த கட்டுப்போட்ட காலை மட்டும் பார்க்கவில்லை. அந்த வாசனை எப்படியும் வந்துகொண்டுதான் இருந்தது. டெட்டாலுக்குக் கீழே ஒரு இனிப்பான வாடை. நைனா தூங்கவில்லை என்பது முதுகின் விதத்திலேயே தெரிந்தது. கூப்பிட்டால் திரும்புவார். திரும்பினால் பேச வேண்டும். சட்டைப் பையில் கைவிட்டான், இரண்டு மாதமாக மடித்து வைத்திருந்த சலவைச் சீட்டு விரலில் பட்டது, அதை எடுத்துப் பிரித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டான்.

அது கெஸ்ட் ஹவுஸ் சீட்டு. தேசிங்கு பதினாறு வருஷமாக ராத்திரி வேலைக்காரன், முதலில் ஒரு குடோனில் காவல், பிறகு ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசை, இப்போது கார் கம்பெனிக்கு வரும் ஜப்பான்காரர்கள் தங்குகிற இந்த விடுதி. எட்டாவதோடு நின்ற படிப்பு. மீதியெல்லாம் நடைபாதைக் கடைப் புத்தகங்களிலிருந்து தானே பொறுக்கிக்கொண்டது. அட்டை கிழிந்த ஜப்பானிய பாலபாடம் ஒன்று கிடைத்தபோது ஏன் வாங்கினோம் என்று அவனுக்கே தெரியாது, இந்த விடுதியில் வேலை கிடைத்தது அதற்கு அப்புறம்தான். விருந்தாளிகள் காலையில் கீழே இறங்கும்போது அவன் அவர்கள் பாஷையில் வணக்கம் சொன்னால் சிரிப்பார்கள். ஒகுமுரா மட்டும் சிரிக்கவில்லை. அறுபதை நெருங்கிய என்ஜினீயர், தூக்கம் பிடிக்காத மனுஷன், ஆறரை மணிக் காருக்கு ஆறு மணிக்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் வெளியே ஒரு சைக்கிள் ரிக்‌ஷா தண்ணீர்க் கேன்களை ஏற்றிக்கொண்டு போனது. அதைப் பார்த்து அவர் ஏதோ முனகினார். ஜின்ரிகிஷா. தேசிங்குவுக்குத் தலைமயிர் சிலிர்த்தது. ரிக்‌ஷா என்கிற சொல் அந்த ஊரிலிருந்து வந்தது என்று எங்கோ படித்திருந்தான், ஆனால் ஒரு மனுஷ வாயிலிருந்து அது முழுசாக வந்து கேட்டது அதுதான் முதல் தடவை. எழுதிக் காட்டச் சொன்னான். அவர் சலவைச் சீட்டைத் திருப்பிப் போட்டு, சின்னப் பிள்ளைக்குக் காட்டுவதுபோலக் கோடு கோடாக இழுத்தார். இது ஜின், மனிதன். இது ரிகி, வலு. இது ஷா, வண்டி. மனித வலுவால் போகிற வண்டி. அவ்வளவுதான், வேறு மர்மம் ஒன்றுமில்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் டோக்கியோவில் அது புதுசாக வந்தபோது இப்படித்தான் பேர் வைத்தார்களாம், குதிரை இல்லை, மாடு இல்லை, பின்னே எது இழுக்கிறது என்று யாரும் கேட்க வேண்டாம் பாருங்கள், பேரிலேயே இருக்கிறது. அங்கிருந்து அது சீனத்துக்குப் போய், சிங்கப்பூருக்குப் போய், கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் வந்து சேர்வதற்குள் வெள்ளைக்காரன் வாயில் தலை உதிர்ந்துவிட்டது. ரிகிஷா. ரிக்‌ஷா. வலுவும் வண்டியும் கரையேறிவிட்டன, மனிதனை எந்தத் துறைமுகத்தில் விட்டார்களோ. தேசிங்கு அதைச் சொன்னபோது ஒகுமுரா அவனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்கள் ஊரிலும் மனிதர்கள் இழுத்தார்களா?" என்று கேட்டார். இழுத்தார்கள் என்றான் தேசிங்கு. எழுபத்து மூன்றில் அரசாங்கம் நிறுத்திவிட்டது என்றான். எங்கள் அப்பா என்று சொல்ல நாக்கு எழுந்தது, அதற்குள் கார் வந்துவிட்டது. இல்லை, கார் வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. கார் வந்துவிட்டதாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தான், இப்போது இந்த ஸ்டூலில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தால் அந்தப் பத்து நிமிஷம் அப்படியே முழுசாக இருக்கிறது. அவர் செய்தித்தாள் படித்தார், இவன் சாவிகளை வரிசைப்படுத்தினான்.

சீட்டில் முதல் எழுத்து இரண்டே கோடு. ஒன்று நீளமாக இடப்பக்கம் சாய்ந்து இறங்குகிறது, இன்னொன்று அதன் நடுவிலிருந்து புறப்பட்டு வலப்பக்கம் இறங்கி அதைத் தாங்கிக்கொள்கிறது. இரண்டு ஆள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள் என்றார் ஒகுமுரா, ஆனால் அது கதை, உண்மையில் அது ஒரே ஆள், பக்கவாட்டில் நிற்கிறான். தேசிங்குவுக்கு இரண்டு விளக்கமும் வேண்டியிருக்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் அவனுக்கு அது இரண்டு கால். தலையில்லை, கையில்லை, வெறும் கால், நீட்டிப் போட்டு ஓடுகிற கால். நைனாவின் கால். வால்டாக்ஸ் ரோட்டில் தார் உருகுகிற மே மாதத்தில் செருப்பில்லாமல் விழுந்து எழுந்த கால், ஆடுசதை தேங்காய் அளவுக்குத் திரண்டிருக்கும், ராத்திரியில் அம்மா வேப்பெண்ணெய் போட்டு நீவும்போது கல்லை நீவுவதுபோல இருக்கும் என்பாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் இந்தச் சீட்டை வாங்கி வைத்தபோது நைனாவின் குதிகாலில் பட்டாணி அளவுக்கு ஒரு புண், அவ்வளவுதான். அன்றே பார்த்திருக்கலாம். கஸ்தூரி சொன்னாள், இரண்டு தடவை சொன்னாள், மாமாவுக்குக் கால் ஆறலை பாருங்க என்று. இவன் மேசை விளக்கடியில் இந்த எழுத்தை எழுதி எழுதிப் பழகிக்கொண்டிருந்தான், முந்நூறு தடவை, நானூறு தடவை, கோடு சரியாகச் சாயும்வரை. இப்போது கட்டைவிரலால் வலப்பக்கக் கோட்டை மறைத்துப் பார்த்தான். மிச்சமிருந்த கோடு எதன்மேலும் சாயாமல் விழப்போவதுபோல இருந்தது. சட்டென்று விரலை எடுத்தான். என்ன வேலை இது. அறுத்துப் பார்க்கிறாயா, காகிதத்தில் அறுத்துப் பார்க்கிறாயா, அந்தாண்டை ஆள் படுத்திருக்கிறான், நிஜமான ஆள், சுவரைப் பார்த்துக்கொண்டு. சொல்லு. மூன்று நாளாக மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறாயே, சொல்லு. நைனா, கால் போனா இன்னா, நீ இருப்ப. நைனா, மரக்கால் இப்ப நல்லா வருது, நடக்கலாம். நைனா, அந்தக் கால் உழைச்ச உழைப்புக்கு. அந்த இடத்தில் அது எப்போதும் சிக்கிக்கொள்ளும். அந்தக் கால் உழைச்ச உழைப்புக்கு என்ன? அதற்கு மேல் வாக்கியம் இல்லை. அந்தக் காலைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன பாத்தியதை?

ஏழாவது படிக்கும்போது ஒரு நாள். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தான், கூட இரண்டு மூன்று பையன்கள். எதிரே நைனா வந்தார். வண்டியில் ஒரு தடித்த அம்மாள், அவள் மடியில் ஒரு பித்தளை அண்டா, அவள் பக்கத்தில் இவன் வகுப்புப் பையன் ஒருத்தன். நைனா தலையைக் குனிந்து, கைப்பிடிகளை விலாவோடு அணைத்து, ஒவ்வொரு அடிக்கும் கழுத்து நரம்பு எழுந்து அடங்க வந்தார். இன்னும் இருபது அடி. வலது பக்கம் ஒரு சுவர், சுவரில் ஒரு தைலத்தின் விளம்பரம். தேசிங்கு அந்தச் சுவரோடு ஒட்டி நின்று படிக்க ஆரம்பித்தான். தலைவலி, பல்வலி, மூட்டுவலி, சுளுக்கு, வீக்கம். முடிந்ததும் அடியில் இருந்த இங்கிலீஷை எழுத்து எழுத்தாகக் கூட்டினான். முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் நெருங்கிக் கடந்தது. நைனா கூப்பிடவில்லை. மணியைத் தட்டவும் இல்லை. அவன் இருப்பதைப் பார்த்திருந்தால் தட்டியிருப்பார், பார்க்கவில்லை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தான். பிறகு ஒரு வயதில் புரிந்தது, நடுரோட்டில் ஒரு கூட்டம் பிள்ளைகள் நிற்கும்போது மணியைத் தட்டாமல் ஒரு ரிக்‌ஷாக்காரன் போகமாட்டான். அன்றைக்குத் தட்டாமல் போனார். அதிலிருந்துதான் இந்தப் படிப்பு. ஊரெல்லாம் சொல்வார்கள், தேசிங்குவுக்கு எங்கிருந்துதான் இந்தப் படிக்கிற ஆசையோ, எட்டாம் கிளாஸ் ஆளு எத்தனை பாஷை பேசுறான் பாரு என்று. ஆசை. ஒன்றைப் பார்க்காமலிருக்க இன்னொன்றைப் படிப்பது, அதற்குப் பேர் ஆசை. கெஸ்ட் ஹவுஸில் பத்து நிமிஷம் சாவி அடுக்கினது அதே சுவர்தான். இந்தச் சீட்டும் அதே சுவர்தான். ஜின் என்றால் மனிதன் என்று கண்டுபிடித்துவிட்டாய், கெட்டிக்காரன், குதிகாலில் புண் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவில்லை. சீட்டை மடித்தான். மடித்து என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். நடையில் கீச், டக். இருபது நிமிஷம் என்றாளே, அதற்குள் முடிந்துவிட்டதா?

"ஏறு தாத்தா, ராஜா மாதிரி கூட்டிக்கினு போறேன்," என்று மீனம்மா நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினாள். நைனா மெதுவாகத் திரும்பினார். நாற்காலியைப் பார்த்தார். தேசிங்குவைப் பார்க்கவில்லை. கை தானாகப் போய்க் கட்டில் கம்பியைப் பிடித்தது. "பாத்தியா, ஆரம்பிச்சுட்டாரு," என்றாள் மீனம்மா. தேசிங்கு எழுந்தான். சீட்டைப் பைக்குள் திணித்தான். "நைனா," என்றான், "கால் போனா இன்னா நைனா, நீ இருப்ப. இப்பல்லாம் மரக்கால்..."

"காலை யார்றா கேட்டா?" என்றார் நைனா. குரல் தண்ணீர் குடிக்காத குரல், ஆனால் தெளிவாக இருந்தது. "எடுத்துக்கினு போவட்டும். அது செத்து எத்தினி நாளாச்சு. அதான் அன்னிக்கே ரேகை வெச்சுக் குடுத்தேனே."

ஆமாம். திங்கட்கிழமையே சம்மதக் காகிதத்தில் ரேகை வைத்துக் கொடுத்திருந்தார். அந்தக் காகிதம் அட்டைக்குப் பின்னால்தான் இருந்தது, மையில் அவருடைய கட்டைவிரல். அந்த அட்டையை இப்போதுதான் ஒரு எழுத்து விடாமல் படித்தான்.

"பின்ன இன்னா நைனா?"

"இதுல உக்கார மாட்டேன். நடந்து வரேன்."

"நடந்தா!" என்று மீனம்மா இடுப்பில் கை வைத்தாள். "கீழே கால் ஊனக்கூடாதுன்னு கொட்டை எழுத்துல எழுதி வெச்சிருக்குது, நடக்கறாராம். போவும்போது ஸ்ட்ரெச்சர் கெடையாது தாத்தா, அதெல்லாம் வரும்போதுதான். எல்லாரும் இதுலதான் போறாங்க. உனக்குன்னு பல்லக்கு வருமா?"

"நான் அப்படி ஒக்காந்ததில்லைம்மா," என்றார் நைனா, அவளிடம், மரியாதையாக. "நான் இஸ்துக்கினு போனவன்."

தேசிங்குவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மறந்தே போயிருந்தான். வண்டி ஸ்டாண்டில் அப்படி ஒரு கட்டுப்பாடு இருந்தது. வண்டிக்காரன் வண்டி சீட்டில் உட்காரக் கூடாது. சவாரி இல்லாத மத்தியானத்தில் கால்பலகையில் சுருண்டு படுப்பார்கள், சக்கரத்தில் தலைசாய்த்துத் தூங்குவார்கள், மழைக்கு வண்டியடியில் ஒதுங்குவார்கள். சீட்டில் மட்டும் உட்கார மாட்டார்கள். பிள்ளைகள் ஏறினால்கூட அடி விழும். காய்ச்சலில் விழுந்தவனை முதுகில் தூக்கிக்கொண்டு போவார்கள், பத்து வண்டி சும்மா நிற்கும். வண்டிக்காரன் சீட்டில் உட்காருவது ஒரே ஒரு தடவை, அது அவனுக்குத் தெரியாது, பிணமாகிச் சாய்த்து உட்காரவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள், அவ்வளவுதான். "கன்னையன்," என்றார் நைனா கம்பியைப் பிடித்தபடியே. அது யாரென்று மீனம்மாவுக்குத் தெரியாது, அவர் தேசிங்குவிடம்தான் சொன்னார். கன்னையன் நைனாவின் ஜோடிக்காரன், காசநோய்க்காரன். "வாயில ரத்தமா வந்துச்சு. தூக்கிக்கினு போனா குலுங்கும்னுட்டு நான்தான் வண்டில வெச்சேன். எல்லாரும் வாணாம்னாங்க. ரோடு முச்சூடும் எறக்கி வுடுறா தணி, எறக்கி வுடுறா தணின்னு கேட்டுக்கினே வந்தான். நான் எறக்கல. ஓடினேன். ஜெனரல் ஆஸ்பத்திரி கேட்டுல திரும்பிப் பார்த்தா..." கம்பியில் விரல்கள் வெளுத்திருந்தன. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது. தேசிங்கு அப்போது கைப்பிள்ளையாக இருந்திருப்பான். இந்த மூன்று நாள், இரண்டு மாதம், எத்தனை வருஷம், இவன் இந்த ஆளின் காலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தான், சாய்ந்த கோடு, தாங்குகிற கோடு. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஏன் வரமாட்டேங்கறீங்க என்று ஒரு கேள்வி. யாரும் கேட்கவில்லை.

மணி ஒன்பது பத்து. கீழேயிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டாள், பதினாலு வந்தாச்சா. தேசிங்கு கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் குந்தினான். "ஏறு நைனா," என்றான். "யோவ் அண்ணே, இன்னா பண்றே," என்றாள் மீனம்மா, "வழுக்கி வுழுந்தா எவ பதில் சொல்றது? என் சீட்டைக் கிழிச்சுடுவாங்க." அவன் காதில் வாங்கவில்லை. பிறகு கழுத்தில் இரண்டு கை விழுந்தது, குச்சியாக, சூடாக. எழுந்தான். பாரமே இல்லாததுபோலத்தான் முதலில் இருந்தது. நாற்பது கிலோ இருப்பாரா? வார்டு முழுக்கப் பார்த்தது, எதிர்க் கட்டில்காரர் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். நடையில் நடந்தான். பின்னால் காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மீனம்மா திட்டிக்கொண்டே வந்தாள். சரிவுப் பாதை தொடங்கியது. அது பழைய கட்டடத்துச் சரிவு, இரண்டு திருப்பம், கல் தேய்ந்து வழவழத்திருந்தது. இறக்கம் சுலபம் என்று நினைத்திருந்தான். இறக்கம் சுலபமில்லை. ஒவ்வொரு அடியிலும் முதுகில் இருந்தவர் அவனை முன்னால் தள்ளினார், தொடை இறுகி இறுகி நடுங்கியது, ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருக்கிற தொடை. நைனாவின் கால்கள் அவன் இடுப்புக்கு இரண்டு பக்கமும் முன்னால் தொங்கின. குனிந்து நடந்ததால் வேறு எங்கும் பார்க்க வழியில்லை. வலது கால் எலும்பும் தோலும், நகம் வெட்டி ஒரு மாதம் இருக்கும். இடது காலில் கட்டு, கட்டின் விளிம்பில் ஒரு மஞ்சள் ஈரம், கட்டுக்கு வெளியே தெரிந்த பெருவிரல் கறுத்துச் சுருங்கியிருந்தது. அதை அவன் பார்த்தான். அடிக்கு அடி ஆடுகிற அந்தக் கறுத்த விரலை முதல் திருப்பம் வரைக்கும் பார்த்துக்கொண்டே இறங்கினான். அதில் எழுத்து ஒன்றும் இல்லை. கண் கலங்கி அது இரண்டாகத் தெரிந்தது, மறுபடி ஒன்றானது. மூச்சு வாய்வழியாகப் போய் வந்தது, அந்தச் சத்தம் அவன் காதிலேயே பெரிதாகக் கேட்டது.

"நில்லு," என்றார் நைனா காதருகே.

"தோ, இன்னும் கொஞ்ச தூரம்."

"நில்லுடா. மூச்சு வாய்க்கு வந்துடுச்சு உனக்கு. மூக்குல இருக்கற வரைக்கும் போவலாம். வாய்க்கு வந்துச்சுன்னா நிக்கணும். நிக்காதவன் மொதலாளி கிட்ட நல்ல பேரு வாங்குவான், நாப்பதுல பூடுவான்."

நின்றான். சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டான். முதுகுக்குப் பின்னால் இவனுடைய மூச்சை அவர் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது, விலாவில் ஏறி இறங்குவதைத் தன் விலாவால் எடை போட்டுக்கொண்டிருப்பதும் தெரிந்தது. நாடி பார்க்கிற வைத்தியர்போல அவசரமில்லாமல். பிறகு பின்னால் நின்ற மீனம்மாவிடம் தலையசைத்தார்போல இருந்தது.

"அம்மாடி, அந்த வண்டியக் கொணா."

"நைனா..."

"எறக்கி வுடு. அதுலயே ஒக்காந்துக்கறேன்." அவன் தோளைத் தட்டினார். "நீ என்னத் தூக்கிக்கினு வுழுந்தா உம் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது. எறக்குடா."

மீனம்மா நாற்காலியைக் கொண்டுவந்து, சக்கரத்தின் தடையைப் போட்டு, புடவைத் தலைப்பால் சீட்டை ஒரு தடவை துடைத்தாள். இருவருமாக அவரை இறக்கினார்கள். நைனா உட்காரும்போது ஓரமாக, முன்விளிம்பில், எந்நேரமும் எழுந்துகொள்ளப் போகிறவர்போல உட்கார்ந்தார். பிறகு முதுகு தானாகச் சாய்ந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவருக்கு, மடியில் வைத்துப் பார்த்தார், கைச்சட்டத்தில் வைத்துப் பார்த்தார், கடைசியில் கோர்த்துக்கொண்டார். உதடு அசைந்தது, கன்னையா என்றாரா வேறு எதையாவது சொன்னாரா, கேட்கவில்லை. மீனம்மா தள்ள வந்தபோது தேசிங்கு கைப்பிடியைத் தான் வாங்கிக்கொண்டான். இரண்டடி போனதும் நைனாவின் உடம்பு முன்னால் சரிந்தது.

"அப்படி இல்லடா. இறக்கத்துல ஆளை முன்னால வுட்டுத் தள்ளக்கூடாது. திருப்பு. நீ கீழ நில்லு, நான் மேல. முதுகு காட்டி இறங்கு, விரலை முதல்ல ஊனு. பாரம் உம்மேல வரட்டும். வண்டிய எதுத்து நிக்காத, சாஞ்சு குடு. ஆ. அதான்."

திருப்பினான். இப்போது அவன் சரிவின் கீழ்ப்பக்கம், பின்னால் பின்னால் இறங்கினான், நாற்காலி அவன் நெஞ்சில் சாய்ந்து வந்தது, நைனாவின் நரைத்த உச்சி அவன் மோவாய்க்கு நேர் கீழே இருந்தது. விரல்கள் தேய்ந்த கல்லில் பதிந்தன, பிறகு குதிகால், பிறகு அடுத்த காலின் விரல்கள். இரண்டாம் திருப்பத்தில் ஒரு குடும்பம் சாப்பாட்டுக் கூடையோடு மேலே ஏறி வந்தது, "ஓரம், ஓரம்," என்றார் நைனா காலடிச் சத்தத்துக்குக் கழுத்தைத் திருப்பி, பழக்கத்தில், இவன் சொல்வதற்கு முன்னாலேயே. அவர்கள் சுவரோடு ஒதுங்கினார்கள். மூக்காலேயே மூச்சு விட்டுக்கொண்டு தேசிங்கு அவரைக் கீழே கொண்டுவந்து சேர்த்தான்.

தியேட்டர் வாசலில் பச்சைத் துணி போட்ட ஒருவர் நாற்காலியை வாங்கிக்கொண்டார். பேர் கேட்டார், இடது காலா வலது காலா என்று கேட்டார், நைனாவே இரண்டுக்கும் பதில் சொன்னார். "எங்கப்பா," என்றான் தேசிங்கு. யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் அது. "ரிக்‌ஷா இழுத்தவரு. கைரிக்‌ஷா." பச்சைத் துணிக்காரர் நல்லது என்பதுபோலத் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டிருந்ததைத் தொடர்ந்தார். நைனா திரும்பிப் பார்த்தார், கோர்த்திருந்த கைகளில் ஒன்றை மட்டும் கொஞ்சம் தூக்கினார். கதவு இரண்டு பக்கமும் ஆடி ஆடி நின்றது. இரண்டு மணி நேரம் ஆகும், மேலேயே இருங்கள், கூப்பிடுவோம் என்றார்கள். கஸ்தூரிக்குப் போன் போட்டு, உள்ளே போயிட்டாரு என்றான். எப்படி ஒத்துக்கினாரு என்று கேட்டாள். வந்து சொல்றேன் என்றான். சரிவில் தனியாக ஏறினான், முழங்கால் வலித்தது. பதினாலாம் கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள், அதனால் உட்கார இடமில்லை. பின்புறக் கதவைத் திறந்துகொண்டு குழாயடிக்குப் போனான். யாரோ வாளியை ஓரமாக நகர்த்தி வைத்திருந்தார்கள். நுரை அடங்கி, சாம்பல் நிறத் தண்ணீருக்குள் வேட்டி கிடந்தது. குந்தி உட்கார்ந்து, அதன் ஒரு ஓரத்தைத் தேடி எடுத்து, கல்லின்மேல் போட்டுக் கசக்க ஆரம்பித்தான்.